தாத்தாவின் பெயரிலேயே நிற்கும் பங்குகள்: பயனுரிமையாளர் பதிவை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: சாட்ஸ்வொர்த் பேரன்

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் குடும்பம் நடத்திவரும் மசாலா மொத்த வியாபாரக் கம்பெனி தொடர்பாக உங்கள் ஆலோசனையை நாடுகிறேன். 1976ஆம் ஆண்டு தாத்தா இதைத் தனியார் கம்பெனியாகப் பதிவு செய்தபோது மொத்தம் 100 பங்குகள் இருந்தன. தாத்தாவுக்கு 60, பெரியப்பாவுக்கு 20, அப்பாவுக்கு 20. தாத்தா 1998இல் காலமானார். தம்முடைய 60 பங்குகளையும் பெரியப்பா, அப்பா, அத்தை ஆகிய மூவருக்கும் சமமாகப் பிரித்து உயில் எழுதியிருந்தார். உயிலை நடைமுறைப்படுத்தும் நிறைவேற்றுநராகப் பெரியப்பாவையே குறித்திருந்தார். ஆனால் பங்குப் பதிவேட்டை அதற்குப் பிறகு ஒருவரும் திறக்கவில்லை. பெரியப்பா 2009இல் தம் பெயரிலிருந்த 20 பங்குகளை ஒரு குடும்ப டிரஸ்டுக்கு மாற்றினார். அவரும் 2019இல் மறைந்துவிட்டார். அத்தை ஜோஹனஸ்பர்க் அருகே லெனேசியாவில் இருக்கிறார். அவருக்கு இதுவரை ஈவுத்தொகை என்று ஒன்றும் போனதில்லை.

எங்கள் பழைய கணக்காளர் ஓய்வு பெற்றபின் வந்த புதியவர், 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளின் ஆண்டு அறிக்கையும் கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு ஆணையமான சிஐபிசியில் தாக்கல் ஆகவில்லை என்கிறார். பயனுரிமையாளர், அதாவது கம்பெனியின் பயனை இறுதியில் அடைபவர், யார் என்ற விவரத்தைக் கொடுக்காதவரை இணையதளம் ஆண்டு அறிக்கையை ஏற்க மறுக்கிறதாம். இது குறித்து ஒரு பெரிய சட்ட நிறுவனம் தன் தளத்தில் இலவசமாக வெளியிட்டிருந்த சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தேன். சட்டம் என்ன சொல்கிறது என்பது தெளிவாகவே புரிந்தது. எங்கள் படிவத்தில் என்ன எழுதுவது என்பதுதான் புரியவில்லை. காலமாகி இத்தனை ஆண்டுகள் ஆன தாத்தாவின் பெயரை எழுதுவதா? அப்பாவின் பெயரை மட்டும் எழுதி முடித்துவிடலாம் என்று கணக்காளர் சொல்வதை ஏற்பதா? இதற்குப் பெரிய சட்ட நிறுவனம் வரை போக வேண்டுமா? அப்பாவுக்கு 76 வயதாகிறது. அவர் இருக்கும்போதே இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று விரும்புகிறேன்.

பதில் 1: பழைய கம்பெனிச் செயலர்

தம்பி, டர்பனில் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தின் கம்பெனிப் பிரிவில் பல ஆண்டுகள் உதவியாளராகவும், பின்னர் சில கம்பெனிகளின் செயலராகவும் இருந்தவன் நான். வழக்கறிஞன் அல்லன், ஆகவே நான் எழுதுவதைச் சட்ட ஆலோசனையாகக் கொள்ளாமல், வழக்கறிஞரைச் சந்திக்கப் போகும் முன் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தமாகக் கொள்ளுங்கள்.

முதலில் கணக்காளர் சொன்ன வழியை விட்டுவிடுங்கள். அப்பாவை மட்டும் காட்டினால் அது பொய்த் தகவல். தெரிந்தே பொய்த் தகவல் தருவது கம்பெனிச் சட்டப்படி குற்றம். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அத்தைக்கு உயில் தந்த பங்கு இல்லவே இல்லை என்று உங்கள் கையால் அரசாங்கப் பதிவில் எழுதிவைப்பதாக அது ஆகிவிடும் என்பது. நாளை அத்தையின் பிள்ளைகள் கேட்டால் அந்தத் தாக்கலே உங்களுக்கு எதிரான சான்றாக நிற்கும்.

இந்தக் கடமை எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் காரணம் தெரிந்தால் படிவமும் விளங்கும். பணமோசடியைத் தடுக்கும் ஏற்பாடுகள் போதவில்லை என்று, அதைக் கண்காணிக்கும் பன்னாட்டு அமைப்பான எஃப்ஏடிஎஃப் 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவைச் சாம்பல் பட்டியலில், அதாவது குறைகளைச் சரிசெய்யும் வரை கூடுதலாகக் கண்காணிக்கப்படும் நாடுகளின் பட்டியலில், வைத்தது. கம்பெனிகளுக்கும் டிரஸ்டுகளுக்கும் பின்னால் இருக்கும் மனிதர் யார் என்று அரசுக்குத் தெரியாதிருந்தது அதில் ஒரு முக்கியக் குறை. அதைச் சரிசெய்யவே 2022ஆம் ஆண்டின் 22ஆம் எண் திருத்தச் சட்டம் கம்பெனிச் சட்டத்தையும் டிரஸ்டுச் சட்டத்தையும் ஒருசேர மாற்றியது. 2023 ஏப்ரல் முதல் தேதி அந்த மாற்றங்கள் நடைமுறைக்கு வந்தன; கம்பெனிகளுக்கான விதிமுறைகள் அதே ஆண்டு மே 24 அன்று வெளியாயின. நாடு 2025 அக்டோபரில் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டது என்பதால் கடமை தளர்ந்துவிட்டதாகச் சிலர் பேசுவதைக் கேட்கிறேன். சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

பயனுரிமையாளர் என்பவர் எப்போதும் உயிருள்ள ஒரு மனிதர். பங்கின் பயன் இறுதியில் யாரைச் சேர்கிறதோ, கம்பெனியை உண்மையில் யார் நடத்துகிறாரோ அவர். 5 சதவீதமோ அதற்கு மேலோ பயனுரிமை உள்ள ஒவ்வொருவரும் காட்டப்பட வேண்டும். உயில்படி பார்த்தால் தாத்தாவின் 60இல் அப்பாவுக்கு 20, அத்தைக்கு 20, பெரியப்பாவின் வாரிசுகளுக்கு 20. ஆக உங்கள் கம்பெனியில் அப்பா, அத்தை, பெரியப்பாவின் வாரிசுகள், டிரஸ்டு என்று நான்கு கிளைகள் ஆகின்றன.

ஆனால் இங்கேதான் சிக்கல். உயிலில் பெயர் இருப்பதால் மட்டும் பங்கு கைக்கு வந்துவிடுவதில்லை. வாரிசுக்குக் கிடைப்பது, அந்தப் பங்கைத் தன் பெயருக்கு மாற்றித் தருமாறு நிறைவேற்றுநரிடம் கேட்கும் உரிமை. பங்குக்குரிய உரிமைகள் பதிவேட்டில் பெயர் ஏறும்போதுதான் சேர்கின்றன. உங்கள் பெரியப்பா அந்த மாற்றத்தைச் செய்யாமலே மறைந்துவிட்டதால், இன்று அந்த 60 பங்குகளுக்காகக் கையெழுத்திடச் சட்டப்படி ஒருவரும் இல்லை. இறந்தவர்களின் சொத்துகளையும் டிரஸ்டுகளையும் மேற்பார்க்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில், தாத்தா விட்டுச்சென்ற சொத்துக்கான (எஸ்டேட்) கோப்பு எண்ணைக் கண்டுபிடித்து, மீந்துபோன இந்தப் பங்குகளுக்காகப் புதிய நிறைவேற்றுநரை நியமிக்கக் கோர வேண்டியிருக்கும். சிஐபிசி படிவத்துக்குப் பல படி முன்னால் இருக்கும் வேலை இது.

நீங்கள் படித்த சுற்றறிக்கையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெரிய நிறுவனங்கள் வெளியிடும் இவ்வகைக் கட்டுரைகள் பெரும்பாலும் கவனத்துடன் எழுதப்படுகின்றன. நானே அவற்றின் வரைவுகளைச் சரிபார்த்திருக்கிறேன்; ஒரு தேதி தவறினாலும் நிறுவனத்தின் மூத்த வழக்கறிஞர் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் அவை பங்குப் பதிவேடு ஒழுங்காக இருக்கும் கம்பெனியை மனத்தில் வைத்து எழுதப்படுபவை. நம்மவர்களின் குடும்பக் கம்பெனிகளில் அந்தப் பதிவேடே காணாமல் போயிருக்கும், அல்லது தாத்தா போட்ட கையெழுத்தோடு நின்றிருக்கும்.

பதில் 2: டோங்காட் இரும்புக்கடை

அண்ணா சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன், ஏனெனில் இரண்டு ஆண்டுகள் தவறிவிட்டன என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கவலையாக இருந்தது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆண்டு அறிக்கை வராத கம்பெனியைப் பதிவிலிருந்து நீக்க சிஐபிசிக்கு அதிகாரம் உண்டு. எங்கள் கம்பெனி அப்படித்தான் நீக்கப்பட்டது. எங்கள் கணக்குகளைப் பார்த்து வந்தவர் வருமான வரி அறிக்கையைத் தவறாமல் கொடுத்துவந்தார். அதுவே ஆண்டு அறிக்கை என்று நாங்களும் நினைத்திருந்தோம். வரித்துறைக்குப் போவது வேறு, சிஐபிசிக்குப் போவது வேறு. கம்பெனி பதிவான நாள் ஆண்டுதோறும் திரும்பி வருமே, அதிலிருந்து 30 வேலைநாட்களுக்குள் சிஐபிசி அறிக்கை போய்ச் சேர வேண்டும். அதற்கான கட்டணமோ மிகச் சிறியது: ஆண்டு விற்பனை 10 லட்சம் ராண்டுக்குக் குறைவாக இருந்தால் 100 ராண்ட், ஒரு கோடி ராண்ட் வரை 450 ராண்ட். அந்தச் சின்னத் தொகை கட்டப்படாமல் போனதற்காக நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஒரு திங்கட்கிழமை காலையில் வங்கிக் கணக்கு முடங்கியது. பதிவு நீங்கிய கம்பெனி சட்டத்தின் கண்ணில் இல்லாத ஒன்று. அதன் சொத்துகள் உரிமையாளர் அற்ற சொத்தாக அரசைச் சேரும். கிடங்கில் சரக்கு இருந்தது, வேலையாட்களுக்கு வெள்ளிக்கிழமை கூலி தர வேண்டியிருந்தது, ஆனால் எங்கள் பணத்தை எங்களால் தொட முடியவில்லை. அப்பா தம் சொந்தச் சேமிப்பிலிருந்து கூலி கொடுத்தார். மீண்டும் பதிவில் சேர்க்க விண்ணப்பித்தபோது, நீக்கப்பட்ட சமயத்தில் கம்பெனி உண்மையாகவே தொழில் செய்துகொண்டிருந்தது என்பதற்கு வங்கி அறிக்கைகளைக் காட்டினோம். நிலுவையிலிருந்த எல்லா ஆண்டு அறிக்கைகளையும் தாக்கல் செய்தோம். இடையில் நாங்கள் போட்ட ஒப்பந்தங்கள் செல்லுமா என்ற பயம் வேறு இருந்தது. அதற்கு எங்கள் வழக்கறிஞர் காட்டியது நியூலாண்ட்ஸ் சர்ஜிகல் கிளினிக் வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் அளித்த தீர்ப்பை. சிஐபிசி மீண்டும் பதிவில் சேர்க்கும்போது, இடைக்காலத்தில் கம்பெனி செய்த காரியங்களும் முன்தேதியிட்டு உயிர் பெறுகின்றன என்றும், அதனால் பாதிக்கப்படும் மூன்றாம் மனிதர் நியாயமான நிவாரணம் கேட்டு நீதிமன்றத்தை நாடலாம் என்றும் அது சொல்கிறது. அதைப் படித்துக் காட்டிய அன்றுதான் அப்பா நிம்மதியாக உறங்கினார்.

ஆகவே எஸ்டேட் வேலை முடியட்டும் என்று சிஐபிசியை மறந்து இருந்துவிடாதீர்கள். நீக்குவதற்கு முன் அவர்கள் அறிவிப்பு அனுப்புவார்கள். அது எந்த மின்னஞ்சலுக்குப் போகிறது என்று இன்றே பாருங்கள். எங்களுக்கு வந்த அறிவிப்பு, யாரும் திறக்காத ஒரு பழைய முகவரிக்குப் போயிருந்தது.

பதில் 3: மாரிட்ஸ்பர்க் வாசகி

இரும்புக்கடைக்காரர் சொன்ன அந்த அறிவிப்பில் ஒரு வழியும் இருக்கிறது. ஆண்டு அறிக்கை தராததற்குத் தக்க காரணத்தையும், கம்பெனி ஏன் பதிவில் தொடர வேண்டும் என்பதையும் எடுத்துச் சொல்லச் சட்டம் வாய்ப்பளிக்கிறது. எனவே அறிவிப்பு வரும் வரை காத்திராமல், பங்குதாரர் ஒருவர் காலமானதையும் நிறைவேற்றுநர் நியமனத்துக்கு விண்ணப்பித்திருப்பதையும் ஆவணங்களோடு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது. அந்தக் கடிதத்தை வழக்கறிஞர் எழுதட்டும். சுற்றறிக்கைகளில் வரும் பெரிய அபராதத் தொகைகளைப் பார்த்து உடனே அஞ்சவும் வேண்டியதில்லை. கம்பெனிச் சட்டத்தில் அந்த அபராதம், இணங்கும்படி சிஐபிசி முறையான அறிவிப்பு கொடுத்து, அதற்கும் இணங்காத கம்பெனிமீது நீதிமன்றத்தின் வழியாக விதிக்கப்படுவது.

டிரஸ்டு நிலைமை வேறு. நான் குடும்ப டிரஸ்டுகளின் நிர்வாகத்தில் வேலை செய்பவள். கேள்வியில் ஒரே வரியில் வந்துபோன அந்த டிரஸ்டுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. டிரஸ்டுச் சட்டப்படி, டிரஸ்டை ஏற்படுத்தியவர், அறங்காவலர்கள், ஆவணத்தில் பெயர் குறிக்கப்பட்ட பயனாளிகள், உண்மையில் அதை நடத்துபவர் ஆகிய எல்லோருடைய விவரத்தையும் அறங்காவலர்கள் பராமரித்து, மாஸ்டரின் இணையப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இது சிஐபிசியில் கம்பெனி செய்யும் பதிவிலிருந்து முற்றிலும் தனியானது. ஒன்றைச் செய்தால் மற்றது ஆகிவிடாது. தவறினால் அறங்காவலருக்கு 10 மில்லியன் ராண்ட் வரை அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பெரியப்பாவே அறங்காவலராக இருந்திருந்தால், 2019க்குப் பிறகு அவர் இடத்தில் வேறொருவர் நியமிக்கப்பட்டு மாஸ்டரின் அதிகாரக் கடிதம் பெற்றிருக்கிறாரா? அந்தக் கடிதம் இல்லாதவர் அறங்காவலராகச் செயல்பட முடியாது. பெரியம்மாவிடமோ அவர் பிள்ளைகளிடமோ இதைக் கேளுங்கள்.

இன்னொன்று, நம் பெயர்களைப் பற்றி. தாத்தாவின் பெயர் பங்குச் சான்றிதழில் ஒரு மாதிரியும் இறப்புச் சான்றிதழில் வேறு மாதிரியும் எழுதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். முனுசாமி என்பது ஒரு தாளில் மூன்சாமி என்றும், இன்னொன்றில் முன்சாமி என்றும் இருக்கும். தகப்பனார் பெயர் குடும்பப் பெயராக மாறியிருக்கும். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்களின் பெயரை எழுதிய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதில் தொடங்கிய குழப்பம் அது. நான்கு தலைமுறைக்குப் பிறகும் நம் கோப்புகளைத் தடுத்து நிறுத்துகிறது. இருவரும் ஒருவரே என்று விவரம் அறிந்த மூத்தவர் ஒருவர் பிரமாணப் பத்திரம் தர வேண்டியிருக்கும். உங்கள் அப்பாவும் அத்தையும் இருக்கும்போதே அதை வாங்கிவிடுங்கள். அவர்களுக்குப் பிறகு அதைச் சொல்ல ஆள் இருக்காது.

அடையாள அட்டை நகல்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுச் சேகரிக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கம்பெனிகளுக்கும் பொருந்தும். அந்த நகல்கள் யார் கையில் இருக்கின்றன என்பதற்கு உங்கள் கம்பெனியே பொறுப்பு.

கேள்வி கேட்டவர்: சாட்ஸ்வொர்த் பேரன்

உங்கள் மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இந்த வாரம் பழைய கணக்காளரின் வீட்டிலிருந்து மூன்று பெட்டிகளை எடுத்துவந்தோம். மூலப் பங்குச் சான்றிதழ்களும், 1976ஆம் ஆண்டின் கம்பெனி விதிகளும், தாத்தாவின் எஸ்டேட் பகிர்வுக் கணக்கும் கிடைத்தன. பெயர் இரண்டு விதமாகத்தான் இருக்கிறது, அக்கா சொன்னபடியே. அத்தையிடம் தொலைபேசியில் பேசினேன். 20 பங்குகள் உங்களுடையவை என்று சொன்னபோது சிறிது நேரம் பேசவே இல்லை. பிறகு, எனக்கு வேண்டாம், தம்பிக்கே கொடுத்துவிடு, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார். அதை இப்போதே எழுதி வாங்கிவிடலாமா? பெரிய நிறுவனம் வேண்டுமா என்ற கேள்விக்கும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில் 4: பழைய கம்பெனிச் செயலர்

இப்போது வாங்காதீர்கள். அத்தை மனமார்ந்து சொல்லியிருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவருக்கு இன்னும் மாற்றப்படாத பங்கை, அதன் மதிப்பு என்னவென்று தெரியாமல், தனி ஆலோசனையும் இல்லாமல் அவர் விட்டுக்கொடுத்தால் அந்தக் கையெழுத்து பின்னாளில் கேள்விக்கு உள்ளாகும். முதலில் பங்கு அவர் பெயருக்கு வரட்டும். வாரிசுரிமையாக வரும் மாற்றத்துக்குப் பங்கு மாற்ற வரி கிடையாது. அதன் பிறகு அவர் அப்பாவுக்குக் கொடுப்பது தனியான பரிமாற்றம்; அதற்கு 0.25 சதவீதப் பங்கு மாற்ற வரி உண்டு. அதை விலைக்குக் கொடுத்தாலும் இனாமாகக் கொடுத்தாலும் அவருக்கு வரக்கூடிய மற்ற வரிகளையும் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் முடிக்கப் பார்ப்பது நம்மிடம் வழக்கமான தவறு.

1976 விதிகள் கிடைத்தது மிக நல்லது. அதில் பங்கு மாற்றத்தைப் பற்றிய பிரிவை முதலில் படியுங்கள். அக்காலத்துக் குடும்பக் கம்பெனிகளில், பங்குதாரர் இறந்தால் அவர் பங்கை மற்றப் பங்குதாரர்களுக்கே முதலில் தர வேண்டும் என்ற விதி அடிக்கடி இருக்கும். அப்படி இருந்தால் உயிலின் பகிர்வும் அதற்கு உட்பட்டே போகும். நான் மேலே போட்ட கணக்கு மாறவும் கூடும்.

பெரிய நிறுவனம் பற்றி: ஒரு பன்னாட்டுக் கம்பெனியை வாங்குவதற்கும் பல நாட்டு முதலீட்டுக்கும் தேவைப்படும் படை உங்களுக்குத் தேவையில்லை. எஸ்டேட் வேலையும் கம்பெனி வேலையும் தெரிந்த நடுத்தர நிறுவனம் டர்பனிலேயே போதும். பெரிய இடங்களில் நேரத்தை ஆறு நிமிடத் துண்டுகளாகக் கணக்கிடுவார்கள். நீங்கள் ஒழுங்கில்லாமல் மூன்று பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அவற்றை அடுக்கும் வேலைக்கே பெரும்பணம் போய்விடும். தேதிவாரியாக அடுக்கி, யாருக்கு எத்தனை பங்கு, எந்தத் தாள் அதற்குச் சான்று என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். செய்யப்போகும் வேலை என்ன, உத்தேசக் கட்டணம் என்ன என்பதை எழுத்தில் கேளுங்கள். பணம் கட்டும் முன் அந்த வழக்கறிஞரிடம் கட்சிக்காரர்களின் பணத்தைக் கையாள வேண்டிய இவ்வாண்டின் ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்ப்பதில் தவறில்லை. அதைக் கேட்டால் நல்ல வழக்கறிஞர் கோபிக்க மாட்டார். உங்கள் அடையாள அட்டையையும் முகவரிச் சான்றையும் அவர்கள் கேட்பார்கள். நிதிப் புலனாய்வு மையச் சட்டம் அவர்கள்மேல் சுமத்திய கடமை அது, உங்கள்மேல் சந்தேகம் அல்ல.

முதல் சந்திப்பில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, அவர் யாருடைய வழக்கறிஞர் என்பது. கம்பெனிக்கா, அப்பாவுக்கா, எஸ்டேட்டுக்கா? இந்த மூன்றின் நலனும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. கம்பெனிக்காக அமர்த்தப்பட்டவர் அத்தைக்கும் ஆலோசனை சொல்ல முடியாது; சொல்லவும் கூடாது. அத்தைக்கு லெனேசியாவிலோ ஜோஹனஸ்பர்க்கிலோ அவர் விருப்பப்படி ஒரு வழக்கறிஞரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, அந்தச் செலவைக் குடும்பம் ஏற்கட்டும். இத்தனை ஆண்டுகள் அவருக்கு ஈவுத்தொகை போகாத குடும்பம் செய்யக்கூடிய குறைந்தபட்சம் அது.

நிறைவேற்றுநர் நியமனக் கடிதம் கையில் வந்தபின் பதிவேட்டைத் திருத்துங்கள். திருத்திய நாளிலிருந்து 10 வேலைநாட்களுக்குள் பயனுரிமையாளர் மாற்றத்தைச் சிஐபிசிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். பயனுரிமையாளர் தாக்கலுக்குக் கட்டணம் இல்லை. பதிவேட்டின் நகலை அத்தைக்கும் ஒன்று அனுப்பிவையுங்கள்.